பக்கத்து சீட் பிரேக்

எங்கள் வீட்டுக்காரருக்கு நாற்பத்து நாலு வயது. தலையில் பாதி முடி போய்விட்டது, மீதியும் கிளம்பத் தயாராக இருக்கிறது. வாசலைத் தாண்டினால் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். வாசலுக்கு உள்ளே வந்துவிட்டால் குட்டி. அவருடைய அம்மா அப்படித்தான் கூப்பிடுகிறார், அப்பா கூப்பிடுகிறார், அக்கா கூப்பிடுகிறாள். முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிற ஆளைப் பார்த்து, "குட்டி, தண்ணியை மெதுவாக் குடி, புரை ஏறிடப் போகுது" என்று சொல்கிற வீட்டுக்குத்தான் நான் மருமகளாக வந்தேன்.

ஒரு மனிதன் எப்போது பெரியவன் ஆகிறான் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மீசை முளைத்தால் என்பார்கள். இவருக்கு மீசை முளைத்து, நரைத்தும் ஆயிற்று. கல்யாணம் ஆனால் பொறுப்பு வரும் என்றார்கள். வந்தது, ஆனால் என் தலையில் வந்து உட்கார்ந்தது. ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். மகளுக்கு இப்போது பதினைந்து வயது, எங்கள் மூவரில் அவள்தான் கொஞ்சமாவது வளர்ந்தவள். நான் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறேன். ஊரை அதட்டி வேலை வாங்குகிறவர்கள் எல்லாம் அந்த நாற்காலியில் சாய்ந்து ஊசியைப் பார்த்ததும் என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் பெரியவர்கள் என்று ஒரு இனம் இருப்பதாகவே எனக்கு நம்பிக்கை கிடையாது. வேஷம் போடத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று இரண்டே வகைதான்.

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறார். அந்தக் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் கட்டை இருக்கும். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடும்போது மாஸ்டர் அதை மிதிப்பார். எல்லா மாஸ்டரும் செய்கிற வேலைதான். மற்றவர்கள் மிதித்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். இவர் வேறு ரகம். பூப்போல மிதிப்பார், வண்டி நின்றதே தெரியாமல் நிற்கும். உடனே பக்கத்தில் திரும்பி, "நல்லாப் பிடிச்சீங்க" என்பார். ஓட்டுகிறவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். தானே பிரேக் பிடித்ததாக நம்பிக்கொண்டு மறுநாளும் வருவார். "பயம் போனாத்தான் கால் பழகும். கால் பழகிட்டா பிரேக் தானா வந்துரும்" என்று அதற்கு ஒரு தத்துவம் வேறு வைத்திருக்கிறார்.

எனக்கும் இவர்தான் மாஸ்டர், பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் காலையில் ஒரு ஆண் பக்கத்தில் உட்கார்ந்து "நல்லாப் பிடிச்சீங்க, நல்லாப் பிடிச்சீங்க" என்று சொன்னால் யார்தான் தாங்குவார்கள்? கட்டிக்கொண்டேன். கல்யாணமான அடுத்த மாதம் தைரியமாக ஒரு காரைத் தனியாக எடுத்துக்கொண்டு போனேன். அது தெருமுனை பேக்கரியின் ஷட்டரில் போய்த்தான் நின்றது. நான் அதுவரை பிரேக்கே பிடித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "ஏங்க, அத்தனை நாளும் நீங்கதான் மிதிச்சீங்களா?" என்று கேட்டேன். "பாதிக்குப் பாதி நீயும் மிதிச்சே" என்றார், அப்போதும் உண்மையைச் சொல்ல மனசு வராமல். அதற்கப்புறம் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வருகிறேன்.

வண்டிக்கு வெளியேயும் ஆள் இதே கதைதான். யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். அத்தை குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டால் சத்தமில்லாமல் கொஞ்சம் தண்ணீர் கலந்துகொண்டு, "நல்லா இருக்கும்மா" என்பார். வேலைக்காரன் சுவரில் ஆணியைக் கோணலாக அடித்துவிட்டால், அவன் போன பிறகு தானே பிடுங்கி அடிப்பார். பூசி மெழுகியே வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு. எனக்குத்தான் அதில் தலைவலி.

மாமா இதற்கு நேர் எதிர். மாமா என்றால் என் மாமனார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டினார் என்று டிப்போவில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது நின்றுபோய்ப் பல காலம் ஆகிறது. ஆனாலும் ஹாலில் நடுச்சுவர் அதற்குத்தான். புது பேட்டரி போடலாமா என்று ஒருமுறை கேட்டேன். "அது மணி பாக்குறதுக்கு இல்ல" என்றார். மகனுடைய தொழில்மேல் அவருக்கு மரியாதை கிடையாது. "பிரேக்கை நீ பிடிச்சுட்டு, 'நல்லாப் பிடிச்சீங்க'ன்னு அவனைப் பாராட்டுறே. இதெல்லாம் ஒரு பொழப்பாடா குட்டி?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்பார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தட்டைப் பார்ப்பார்.

ஓய்வு பெற்றதும் மாமா ஒரு பழைய கார் வாங்கினார். கொஞ்ச வருஷம் நன்றாகத்தான் ஓட்டினார். அப்புறம் எங்கள் வீட்டு கேட்டின் தூண் தேய ஆரம்பித்தது. முதல் தடவை, "எவனோ ராத்திரி வந்து இடிச்சுட்டுப் போயிருக்கான்" என்றார். அடுத்த தடவை, "தூண் கட்டினவன் நேராக் கட்டல" என்றார். பிறகு பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி போனது, காரின் ஒரு பக்கக் கண்ணாடி போனது, எதிர்வீட்டு சைக்கிள் சப்பையானது. கண் டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டால், "எனக்கு எதிர்ல எறும்பு போறதுகூடத் தெரியும்" என்பார். எறும்பு தெரிந்தது. பக்கவாட்டில் நின்ற தூண்தான் தெரியவில்லை.

இதுவரைக்கும் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது மாமாதான். ஒரு நாள் சாயங்காலம் வந்தவள் பையை வீசிவிட்டு, "அம்மா, இன்னைக்கு செம காமெடி. தாத்தா சிவப்பு சிக்னல்ல நேராப் போயிட்டாரு. ஒரு லாரி எங்க மேல வந்து இவ்வளவு கேப்ல நின்னுச்சு" என்று இரண்டு விரலைக் காட்டினாள். "தாத்தா இறங்கிப்போய் லாரிக்காரனைத் திட்டினாரு பாரு, அதான் ஹைலைட்டே." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இரண்டு விரல் இடைவெளியில்தான் என் பிள்ளை உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்காரர் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "உங்கப்பா இனிமே வண்டியைத் தொடக் கூடாது. என் பிள்ளையை வச்சு மட்டும் இல்ல, யார் பிள்ளையையும் வச்சு. போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"சொல்றேன். பக்குவமாச் சொல்லணும்ல."

"பக்குவம் வர்றதுக்குள்ள யாராவது போய்ச் சேந்துருவாங்க."

அவர் பக்குவமாகப் போனார். போய், பிள்ளைக்கு இனிமேல் பள்ளி முடிந்ததும் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, அவள் பஸ்ஸில் வந்துவிடுவாள் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தார். மாமா காரை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்.

பிறகு சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கூட்டம் போட்டோம். நானும் அவரும் அத்தையும். என் நாத்தனார், அவருடைய அக்கா, ஊரின் மறுகோடியில் இருப்பதால் போனில் சேர்ந்துகொண்டாள். "டேய் குட்டி, நீ போய்ச் சொல்லாதே, உன்னை அவர் மதிக்க மாட்டாரு. யாராவது பெரியவங்களை விட்டுச் சொல்லச் சொல்லணும்" என்றாள். எல்லாரும் தலையாட்டினோம். எவ்வளவு சரியான யோசனை என்று தோன்றியது. பெரியவர்களைத் தேட ஆரம்பித்தோம்.

மாமாவின் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் காது கேட்காது, அதனால் யார் எது சொன்னாலும் "அப்படியே செய்" என்று ஆசீர்வாதம் பண்ணிவிடுவார். மாமாவே போய் நான் ஓட்டட்டுமா என்று கேட்டாலும் அதே பதில்தான். அத்தையின் அண்ணன் ஒருவர் கறாரானவர், அவர் சொன்னால் மாமா கேட்டிருப்பார், ஆனால் போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் டாக்டரை மாமா கணக்கிலேயே எடுப்பதில்லை, "நேத்து மீசை முளைச்ச பய" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். அந்த டாக்டருக்கு அறுபது வயது. அத்தையைப் பார்த்தோம். "நான் சொன்னா அவர் காபியில சர்க்கரையைக் கூடக் குறைக்க மாட்டார். என்னை விட்டுருங்க" என்று காய் நறுக்கத் திரும்பிவிட்டார். சலித்து எடுத்ததில் மிஞ்சியது கண்டக்டர் ஒருவர்தான்.

கண்டக்டர் என்றால் மாமாவுடன் அதே பஸ்ஸில் விசில் ஊதினவர். இன்றைக்கும் மாமாவை "டிரைவரே" என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்காரர் அவரைத் தேடிப்போய் விஷயத்தைச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தார். "என்கிட்ட விட்டுரு தம்பி. ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிருவேன்" என்றாராம். வந்தார். டீ குடித்தார். பழைய கதை பேசினார்கள். எந்த ரூட்டில் எவன் டிக்கெட் எடுக்காமல் ஒளிந்தான் என்று இருவரும் சிரித்தார்கள். நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தோம். திடீரென்று மாமா சாவியை எடுத்தார். "வாங்க கண்டக்டரே, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்." கண்டக்டர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். போய்விட்டார்கள்.

திரும்பி வந்தபோது மாமா குஷியாக இறங்கினார். கண்டக்டர் உடனே இறங்கவில்லை, இறங்கும்போதும் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். முகத்தில் ரத்தமே இல்லை. வீடுவரை கொண்டு விடுகிறேன் என்று மாமா சொன்னதற்கு, "வேண்டாம் டிரைவரே, காலை நீட்டி நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார். மாமா உள்ளே போனதும் வீட்டுக்காரர் அவரை வாசலில் பிடித்தார்.

"சொன்னீங்களா?"

"நாப்பது வருஷ சிநேகம் தம்பி. அதைக் கெடுத்துக்க எனக்கு மனசு இல்ல. ஆனா சொல்லியே ஆகணும். வீட்ல பெரியவங்க யாராவது சொல்லுங்கப்பா." சொல்லிவிட்டு அந்த வயதில் அந்த வேகத்தில் நடந்து போனார்.

அப்போது என் வீட்டுக்காரர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வீட்டில் பெரியவர்கள் யார் என்று பார்ப்பதற்காகத் திரும்பிப் பார்த்தார். பின்னால் செருப்பு ஸ்டாண்டும் நானும்தான் இருந்தோம். செருப்பு ஸ்டாண்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு அந்த முகத்தில் மெதுவாக ஒரு பயம் ஏறியது. டாக்டர் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று சொன்னதும் வருகிற பயம், எனக்குப் பழக்கமானது.

"நான்தானா?" என்றார்.

"வேற யாரு, நானா? நான் நேத்து வந்த மருமக."

"கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆச்சு."

"அதெல்லாம் இப்பதான் உங்களுக்கு ஞாபகம் வருமா?"

பெரியவராக இருக்க வேண்டியவர் நேரே போய்ச் சொன்னாரா? இல்லை. திருட்டுத்தனத்தில் இறங்கினார். சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தார், மாமா மாற்றுச் சாவி வைத்திருந்தார். பேட்டரி வயரைக் கழற்றினார், மாமா பாட்டுப் பாடிக்கொண்டே அதை மாட்டினார். கடைசியில் ஒர்க்ஷாப் ஆளைக் கையில் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு பார்ட் வரவில்லை என்று காரை அங்கேயே முடக்கினார். மாமா தினமும் அங்கே போய் அந்த மெக்கானிக்கின் தலையை உருட்டினார். அந்த ஆள் இவருக்குப் போன் போட்டு, "மாஸ்டர், உங்கப்பாகிட்ட உண்மையைச் சொல்லிருங்க. எனக்கு பொய் தீந்து போச்சு" என்று அழாத குறையாகச் சொன்னான்.

அப்போதுதான் நாத்தனார் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மாமா காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "உன் ஸ்கூல் காரை எடு. நான் ஓட்டுறேன். இல்லைன்னா நான் வரல, நீங்க போங்க."

நான் வீட்டுக்காரரை உள்ளே இழுத்தேன். "வேண்டாங்க."

"என் பக்கம் பிரேக் இருக்கும்மா. ஒண்ணும் ஆகாது. தினமும் புது ஆளுங்களை வச்சு ஓட்டுறவன்தானே நான்?"

"இன்னைக்கு உங்க கால் இருக்கும். நாளைக்கு?"

அவர் போய் ஸ்கூல் கார்ச் சாவியை எடுத்துவந்தார். மகளைப் படிக்கிற வேலை இருக்கிறது என்று வீட்டிலேயே விட்டேன். நானும் அத்தையும் பின்சீட்டில் ஏறிக்கொண்டோம். ஸ்கூல் காரின் கூரையில் எல் போர்டு நிரந்தரமாக முடுக்கப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "இது என் தலைக்கு மேல இருக்கணுமா?" என்றார். பிறகு உட்கார்ந்துகொண்டு, "குட்டி, உன் காலை அந்தக் கட்டைமேல வச்சே, பாத்துக்க" என்றார்.

"வைக்க மாட்டேம்பா."

வைத்தார். நான் மாமாவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன், பக்கத்து சீட்டில் வீட்டுக்காரரின் முழங்கால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கேட்டைத் தாண்டும்போதே அது அசைந்தது. தூண் பிழைத்தது. முக்கில் ஒரு ஆட்டோ பக்கவாட்டில் வந்தது, முழங்கால் அசைந்தது. நடைபாதையை ஒட்டி ஒரு கிழவர் குடையோடு போனார், முழங்கால் அசைந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டி பூப்போல நின்று நிதானமாகக் கிளம்பியது. மாமாவுக்கு ஒரே பெருமை. "வாரக்கணக்கா ஓட்டாம இருந்தும் கை தவறல பாரு" என்றார். வீட்டுக்காரரின் கழுத்தில் வியர்வை ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ ஒரு பழகுகிறவனுக்குச் செய்கிற வேலையைப் பெற்ற அப்பனுக்குச் செய்துகொண்டு, அவர் இன்னும் பத்து வருஷம் ஓட்டுவதற்கு வேண்டிய தைரியத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

பூங்கா ஒன்றைத் தாண்டிப் போகும்போது பாதசாரிகள் கடக்கிற இடம் வந்தது. ஓரத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்தாள். பிறகு இறங்கிக் கடக்க ஆரம்பித்தாள். மாமா வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் கத்தக்கூட நேரமில்லை. வீட்டுக்காரரின் முழங்கால் நேராக நீண்டது. வண்டி அலறி நின்றது, இந்தத் தடவை பூப்போல இல்லை. என் நெற்றி முன்சீட்டில் இடித்தது. தள்ளுவண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்க இடமில்லை. அந்தப் பெண் எங்களை முறைத்தாள், கூரையில் இருந்த போர்டைப் பார்த்தாள், பாவம் பழகுகிறார்கள் என்று நினைத்திருப்பாள், போய்விட்டாள். குழந்தை எதுவும் தெரியாமல் கையை ஆட்டிக்கொண்டு போனது.

மாமா நீளமாக மூச்சை விட்டார். "பாத்தியா? முப்பது வருஷக் கால். நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே அது பிடிச்சிருச்சு" என்றார்.

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். எனக்கு அடுத்த வரி மனப்பாடம். 'நல்லாப் பிடிச்சீங்கப்பா' என்று மட்டும் வரட்டும், இறங்கி அப்படியே நடந்து என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"நீங்க பிடிக்கலப்பா. நான்தான் பிடிச்சேன்" என்றார்.

மாமா சிரித்தார். "போடா."

"நிஜமாப்பா. வீட்டு கேட்ல இருந்து நான்தான் பிடிச்சுட்டு வர்றேன்."

"கட்டைமேல காலை வைக்க மாட்டேன்னு சொன்னே."

"சொன்னேன். வச்சேன்."

மாமா குனிந்து இவருடைய கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அது இன்னும் கட்டைமேல்தான் இருந்தது, எடுக்கவில்லை. மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பொண்ணு எங்க இருந்துடா வந்தா?"

"எங்க இருந்தும் வரலப்பா. அங்கேயேதான் நின்னுட்டிருந்தா. நம்மளைப் பாத்தா, நிறுத்துவீங்கன்னு நம்பித்தான் இறங்கினா." அப்பாவின் முகத்தைப் பார்த்தே மேலே சொன்னார். "உங்களுக்கு பக்கத்துல வர்றது தெரியலப்பா. இனிமே ஓட்டாதீங்க. பிள்ளையை வச்சும் வேண்டாம், தனியாவும் வேண்டாம். போதும்பா."

மாமா பின்னால் திரும்பினார், அத்தையைப் பார்த்தார். "நீ சொல்லு. நான் பாக்கலையா?"

அத்தை கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். "ரெண்டு வருஷமா நான் பின்னாடி உக்காந்து தரையை மிதிச்சுட்டுதான் வர்றேன். என் பக்கம் கட்டை இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா அது, கண்ணில் தண்ணீரும் வந்தது. என் வீட்டுக்காரர் பெரியவர் ஆகிவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீசையில் வராதது, கல்யாணத்தில் வராதது, பெற்ற அப்பனின் முப்பது வருஷத்தை ஒரே வாக்கியத்தில் பிடுங்கிவிட்டு, பிடுங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த நிமிஷத்தில் வந்தது. இவ்வளவு கேவலமான வேலை என்று தெரிந்திருந்தால் நானே அவரை அவசரப்படுத்தியிருக்க மாட்டேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. தோளில் மாட்டிய பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

மாமா வண்டியை ஓரம் கட்டினார். சொல்ல வேண்டும், கனகச்சிதமாகக் கட்டினார். இறங்கினார். பூங்காப் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் நடந்தே வீட்டுக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன், வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கதவைத் திறக்கப் போனார். அதற்குள் மாமா முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து அவருடைய கதவை வெளியிலிருந்து திறந்தார்.

"எறங்கு. அந்தப் பக்கம் போ" என்றார்.

இடம் மாறினார்கள். இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். இருபது வருஷமாகப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்ததால் என் வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங் பிடித்து ஓட்டுகிற பழக்கமே குறைந்துவிட்டது. வண்டி ஒரு தடவை குதித்து அணைந்தது. இரண்டாம் தடவையும் அணைந்தது. பின்னால் வந்தவர்கள் எல் போர்டைப் பார்த்துப் பொறுமையாக ஒதுங்கிப் போனார்கள்.

"ஹாண்ட் பிரேக்கை எடுடா" என்றார் மாமா.

எடுத்தார். வண்டி கிளம்பியது. கண்ணாடியில் வீட்டுக்காரரின் கண் தெரிந்தது, நிரம்பி நின்றது, துடைக்கக் கையை எடுக்கவும் தைரியமில்லை. முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அது நிறுத்தத்தில் ஒதுங்கி, பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. இவர் அதைப் பார்க்கவில்லை. பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் தரையை மிதித்தேன், அத்தையும் மிதித்தார்.

வண்டி நின்றது. நின்றதே தெரியாமல் நின்றது. வீட்டுக்காரர் தன் காலைப் பார்த்தார், அது இன்னும் மிதிக்கவே இல்லை. பிறகு மெதுவாகப் பக்கத்தில் பார்த்தார்.

மாமா நேரே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாப் பிடிச்சே" என்றார்.

வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாற்பத்து நாலு வயதில், தேம்பித் தேம்பி அழுதார். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஏறி முடித்தார்கள், விளக்கு அணைந்தது.

"பஸ் எடுத்துட்டான். போ" என்றார் மாமா. வீட்டுக்காரர் கியரைப் போட்டார்.